கல்பாலத்தில் பஸ் நின்ற பத்து நிமிடம்

கல்பாலம் என்றொரு கடைவீதி அழிந்துபோனதற்கு நான் சொன்ன ஒரு பொய்யும் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொன்னால், அதற்குள் நீங்கள் என்னை ஒரு நல்ல மனிதன் என்று நினைத்துவிடக் கூடும். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கடிதம் எழுதிய கை இது. எந்தத் தவறையும் யாரும் செய்யாததுபோல் எழுத அதற்குத் தெரியும்.

சென்ற மாதம் கண்ணைக் காட்டுவதற்காக ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போனேன். மூன்று நாள் விடாத மழை. கொட்டகலைக்கு அப்பால் புதிய வீதியில் மண் சரிந்து கிடந்தது. (புதிய வீதி என்று நான் சொல்வது போட்டு ஐம்பது வருடத்துக்கு மேலான வீதி. எனக்கு அது இன்னும் புதிய வீதிதான்.) பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி எங்கள் பஸ்ஸைப் பழைய வீதியில் திருப்பிவிட்டார். பழைய வீதி என்றால் இப்போது தோட்டத்து லொறியும் ஆட்டோவும் மட்டும் போகிற, இரண்டு பக்கமும் புல் மூடிய ஒற்றைத் தடம். பஸ்ஸும் பழசு. மூன்று மைல் ஏற்றத்தை முக்கி முனகி ஏறி, நான் எதிர்பார்த்த அதே வளைவில் முன்பக்கம் புகைவிட்டு நின்றது.

டிரைவர் இறங்கி மூடியைத் திறந்துவிட்டு, "இங்க எங்கயாச்சும் தண்ணி கெடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் இறங்கினேன். வளைவைத் தாண்டி முப்பது அடி நடந்து, பாறையோரம் மண்டியிருந்த பெரணிச் செடிகளைக் கைத்தடியால் விலக்கினேன். பீலி இருந்தது. கல்லில் வாய்க்கால்போல் வெட்டிய, கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் கொட்டுகிற அதே பீலி. பின்னாலேயே போத்தலுடன் வந்த கண்டக்டர் பையன், "தாத்தாவுக்கு இந்த ஊரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். கல்பாலத்தைப் பற்றி நான் சொல்லும் பொய்கள் இளவயதிலேயே முடிந்துவிட்டன என்று நினைத்திருந்தேன்.

கொதித்த ரேடியேட்டருக்கு ஒரு வாசனை உண்டு. துருவும் சுட்ட ரப்பரும், எதையோ கழுவாத சட்டியில் அவித்ததுபோன்ற ஆவியும் கலந்த வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பசித்தது. வேடிக்கையாக இல்லையா? எழுபத்தெட்டு வயதில், காலையில் இட்டலி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்ட மனிதனுக்கு, இஞ்சின் கொதிக்கிற வாசனையில் வயிறு கேட்கிறது. காரணம், என் இருபத்திரண்டு வயதில் அந்த வாசனை வந்தால் அதற்கு அடுத்து ரொட்டி வரும்.

அந்தக் காலத்துப் பஸ்களுக்கு மூக்கு நீளம். ஏற்றம் ஏறும் திராணி மட்டும் கிடையாது. கீழே ஆற்றுப் பாலத்தில் பிடித்த ஏற்றம் கல்பாலத்தில்தான் கொஞ்சம் ஓயும். எந்தப் பஸ்ஸானாலும், எந்த லொறியானாலும், அங்கே வந்து கொதிக்கும். கொதித்த இஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும். பத்து நிமிடமாவது ஆறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கல்பாலம் பிழைத்தது. பதினொரு கடைகள். அப்புஹாமி முதலாளியின் பேக்கரியில் முதலை வடிவக் கிம்புலா பனிஸ் அடுப்பைவிட்டு இறங்கும் நேரமும் எட்டரை மணிப் பஸ் கொதிக்கும் நேரமும் எப்படித்தான் ஒத்துப்போகுமோ, ஒருநாளும் தவறியதில்லை. சுப்பையா அண்ணனின் தையல் கடையில், ஹட்டனில் துணி வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் பஸ் ஆறுவதற்குள் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை பஸ் கொதிக்கும்போது சட்டையை வாங்கிக்கொள்வார்கள்.

பீலிக்கு ஒட்டினாற்போல் இருந்தது பாக்கியம் அக்காவின் தேத்தண்ணிக் கடை. அவருடைய புருஷன் லொறியில் கிளீனராக இருந்தவர். அதே வீதியில் கீழே ஒரு வளைவில் லொறியோடு பள்ளத்தில் போய்விட்டார். முப்பது வயதில் தனியாளாக அக்கா கடையை எடுத்து நடத்தினார். ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் உளுந்து வடையும். உட்காரப் பலகை வாங்கு இரண்டு. கடைக்குள் யார் வந்தாலும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு தேத்தண்ணி கையில் வந்துவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் அல்ல. ஆளுக்குத் தகுந்தபடி கிளாஸைப் பிரித்துவைத்த கடைகள் ஹட்டனிலேயே இருந்தன. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு அக்கா சொன்னார்: "பேரு கேக்குறதுக்கு முந்தியே குடுத்துரணும் தம்பி. கேட்டுட்டம்னா அப்புறம் ஆளப் பாத்துல்ல குடுக்கத் தோணும்."

நான் பிறந்தது கல்பாலத்துக்கு மேலேயிருந்த தோட்டத்தில். அப்பா கணக்கப்பிள்ளை. அதனால் எனக்கு ஹட்டனில் இங்கிலீஷ் படிக்கக் கிடைத்தது. படித்து முடித்ததும் நுவரெலியாவில் வீதி வேலைகளைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க் ஆனேன். தற்காலிகக் கிளார்க். இந்தத் தற்காலிகம் என்ற சொல் இந்தக் கதையில் முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கி கல்பாலத்தில் பஸ் ஏறுவேன். இறங்குவதற்குள் முழங்கால் வரை செம்மண் ஏறியிருக்கும். "கிளாக்கர் தொர இன்னைக்கும் கால் ஏக்கரு தேயில நட்டுட்டுத்தான் வந்திருக்காரு" என்பார் அக்கா. கடை முழுக்கச் சிரிக்கும். எனக்குக் கோபம் வராது. தொரை என்று கேலிக்குச் சொன்னாலும் அந்த வயதில் காதுக்கு இனித்தது.

ஒருமுறை அலுவலகத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு வாரம் கல்பாலத்தில் உட்கார்ந்து, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை போகிற வருகிற வண்டிகளை எண்ண வேண்டும். பஸ், லொறி, கார், மாட்டு வண்டி என்று கட்டம் போட்ட தாள். நான் அக்காவின் கடையில்தான் உட்கார்ந்தேன். வேறெங்கே உட்காருவது? எதற்கு எண்ணுகிறேன் என்று அக்கா கேட்டபோது, ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்றேன். அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும், அதில் பொய் இல்லை. அக்காவுக்குச் சந்தோஷம். நான் எழுந்து போகிற நேரங்களில் அவரே எண்ணினார். எழுதத் தெரியாததால், பஸ்ஸுக்கு ஒரு உளுந்து, லொறிக்கு ஒரு கொச்சிக்காய்க் காம்பு, காருக்கு ஒரு தேங்காய்ச் சில்லு என்று முறத்தில் வைப்பார். நான் திரும்பி வந்ததும் ஒப்புவிப்பார். "தோட்டத்துத் தொரையோட மோட்டார் சைக்கிளு ரெண்டு தடவ போச்சு. அதுக்கு என்ன வைக்கிறதுன்னு தெரியல. வெங்காயம் வச்சிருக்கேன்."

மறுபடி சொல்கிறேன், அந்த எண்ணிக்கையைப் பாதி எண்ணியது பாக்கியம் அக்கா. இந்த ஏற்றமும் இந்த வளைவும் இவ்வளவு வண்டிகளை இனித் தாங்காது என்று அந்தத் தாளை வைத்துத்தான் அறிக்கை எழுதினார்கள். தட்டச்சு செய்தது நான்.

சில மாதம் கழித்து வரைபடம் மேசைக்கு வந்தது. இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று, கல்பாலத்துப் பாறையை வெட்டி இருக்கிற வீதியையே அகலமாக்குவது. மற்றது, ஆற்றுக்கு எதிர்ப்பக்கத்து மலையில், தேயிலைக்கு நடுவே புதிதாக ஒரு வீதி, கல்பாலத்தைத் தொடாமலே. சீரான ஏற்றம். எந்த வண்டியும் கொதிக்காது. கொதிக்காது என்றால் நிற்காது. அந்த நீல மைக் கோட்டைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் இஞ்சினியர் யாழ்ப்பாணத்தவர். அவரை வில்லனாக்கிவிட எனக்குப் பல வருடம் ஆசை இருந்தது, முடியவில்லை. நேர்மையானவர். அலுவலகத்துப் பென்சிலில் வீட்டுக் கடிதம் எழுதாதவர். புதிய வீதியைத் தன் கையால் வரைந்தவர் என்பதால் அதில் அவருக்கு ஒரு பிரியம் இருந்தது, அவ்வளவுதான். தேயிலை வெட்டுப்படும் என்று தோட்டத்துத் துரை ஏற்கெனவே ஆட்சேபனை எழுதியிருந்தார். கடைவீதி ஆட்களும் எழுதிவிட்டால் மேலிடம் யோசிக்கும், பழைய வீதியை அகலமாக்கும் திட்டத்துக்கே திரும்பிவிடும் என்று இஞ்சினியர் என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார். அதே வாயால் இன்னொன்றும் சொன்னார். அதற்கு முன் என் நிலைமையை விளக்க வேண்டும்.

சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த சட்டத்தால், இந்தியாவிலிருந்து வந்த தோட்ட மக்களின் வழியினரான நாங்கள் நாடில்லாதவர்கள் ஆனோம். பிறகு, இத்தனை வருடம் தொடர்ந்து இங்கேயே வாழ்ந்தோம், நிலையான வருமானம் இருக்கிறது என்று நிரூபித்தால் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்றார்கள். போட்டவர்களெல்லாம் விசாரணைக் கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கல்பாலத்தில் சிங்களவரான அப்புஹாமி முதலாளியைத் தவிர எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு நிரந்தர உத்தியோகம் இல்லை. எனக்கு விசாரணைத் தேதி வந்துவிட்டிருந்தது. என் உத்தியோகத்தைப் பற்றி இஞ்சினியரிடமிருந்து ஒரு நல்ல கடிதம் மட்டும் வேண்டும். இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை அவர் சொன்னது இது: "உம்மட கடிதத்தைப் பற்றி யோசியாதையும். முதல்ல இந்த ரோட்டு அலுவல் முடியட்டும், பாப்பம்."

அவர் அதில் எந்தப் பேரமும் வைக்கவில்லை என்று இன்று நம்புகிறேன். வேலை மும்முரத்தில் சொன்னது. பேரமாக எடுத்துக்கொண்டது நான்.

இதற்குள் சுப்பையா அண்ணன் கேள்விப்பட்டுவிட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கத் தெரியும். மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடுவோம் என்று கடை கடையாகச் சொல்லி எல்லோரையும் சேர்த்தார். எழுதுவதற்கு என்னைவிட்டால் யார்? எழுதினேன். நல்ல பெட்டிசம் அது. இன்றைக்கும் அதன் முதல் பாரா மனப்பாடமாக இருக்கிறது, வெட்கத்தைவிட்டுச் சொன்னால் என் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுதான் சிறந்த இங்கிலீஷ். கைநாட்டு வைக்க மைத்தட்டைக்கூட நான்தான் அலுவலகத்திலிருந்து கொண்டுபோனேன். இதையெல்லாம் பார்த்தால் நான் உதவத்தான் போனேன் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகல். அக்காவின் கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் வாசித்து, தமிழில் அர்த்தம் சொன்னேன். நம்மளப் பத்தி இம்புட்டு இருக்கா என்று யாரோ வியந்தார்கள். அக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டு முதல் ஆளாக வந்து கட்டைவிரலை மைத்தட்டில் அழுத்தினார்.

"எங்க வைக்கணும் கிளாக்கர் தொர? வண்டி எண்ணுன ஆளுன்னு பக்கத்துல ஒரு வரி சேத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நீல விரல் தாளுக்கு மேலே வந்தபோதுதான் எனக்கு இஞ்சினியரின் கடிதம் நினைவு வந்தது. இந்தத் தாளில் பதினைந்து விரல் விழுந்துவிட்டால் ரோட்டு அலுவல் முடியாது. முடியாவிட்டால் என் கடிதம்? திட்டமிட்டுச் செய்தேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் வாய் தடுமாறவும் இல்லை.

"அக்கா, பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேன். விசாரண இன்னும் வரல."

"இது கவர்மெண்டு ரோட்டுக்கு எதிரான பெட்டிசம். நாளைக்கி விசாரண வந்தா இந்தக் கடதாசியையும் எடுத்து வைப்பாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அப்படி எந்தச் சட்டமும் இல்லை. எந்த அலுவலகத்தின் கடிதம் எந்த அலுவலகத்துக்குப் போகும், போகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்பிடியா சட்டம் இருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேண்ணே. நாளைக்கி என்னையக் கொற சொல்லக் கூடாதுல்ல."

கடதாசி என்றால் எங்கள் ஆட்களுக்கு அந்த வருடங்களில் இருந்த பயம் உங்களுக்கு விளங்குமோ என்னவோ. பிறப்புத் துண்டு, பெயர் பதிந்த துண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்ததற்குத் துண்டு என்று ஒவ்வொரு துண்டுக்கும் உயிரைக் கொடுத்து அலைந்தவர்கள். ஒரு துண்டு தவறினால் நாடே போய்விடும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது சட்டம். ஆகவே நான் சொன்னதை அவர்கள் நம்புவதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் நானும் அவர்களில் ஒருவன். எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்று வெளியாளுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல வேள தம்பி, வைக்கிறதுக்கு முந்தியே சொன்ன" என்றார்.

அடுப்புக்குப் பக்கத்து மரத்தூணில் விரலை அழுத்தித் துடைத்தார். அவருக்குப் பிறகு மைத்தட்டைத் தொட்டிருந்த இரண்டு மூன்று பேரும் அதே தூணில் துடைத்துவிட்டுப் போனார்கள். அப்புஹாமி முதலாளி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிங்களத்தில் நிதானமாகக் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "நான் ஒரு ஆள் மட்டும் போட்டா இது பெட்டிசம் இல்ல மாத்தயா. சும்மா கடதாசி." அவருக்குப் புரிந்துவிட்டதோ என்று அன்று முழுக்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஒற்றைக் கையெழுத்தை இஞ்சினியர் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டார். துரையின் ஆட்சேபனைக்கு நட்டஈடு என்று முடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் எனக்குக் கடிதம் கிடைத்தது. மூன்றே வரி. என் பிரஜாவுரிமையும் என் நிரந்தர உத்தியோகமும் அந்த மூன்று வரியில் வந்தன.

புதிய வீதி திறந்த பிறகு கல்பாலத்திலிருந்து பார்த்தால் எதிர்மலையில் பஸ்கள் தீப்பெட்டி போல ஊர்ந்து போவது தெரியும். சத்தம் மட்டும் ஆற்றைத் தாண்டித் தெளிவாக வரும். எட்டரை மணிப் பஸ் கியர் மாற்றும் ஓசை கேட்டால் அக்கா பழக்கத்தில் கேத்தலின் மூடியைத் திறப்பாராம், பிறகு மூடிவிடுவாராம். இதை நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். நான் ஹட்டனில் அறை எடுத்துத் தங்கிவிட்டேன். வேலைக்குப் போகையில் பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் கல்பாலம் தெரியும். வலது பக்கம் உட்காரப் பழகிக்கொண்டேன். பேக்கரி முதலில் மூடியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கொட்டகலையில் ஒரு கடையின் முன்விறாந்தையில் சுப்பையா அண்ணன் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நின்றதுதான் எனக்கு முதல் அடி. நலம் விசாரித்த பிறகு பாக்கியம் அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"அக்கா பூண்டுலோயாப் பக்கம் தங்கச்சி மக லயத்துல இருக்காங்க. கொழுந்தெடுக்குறாங்க. அவுங்க மனு தள்ளுபடியாயிருச்சுங்களே, தெரியாதா?"

தெரியாது. அவர் சொன்னார். கல்பாலத்துக்கு வரும் கடிதங்களைத் தபால் பஸ் பேக்கரியில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். பஸ் எதிர்மலைக்குப் போனது, பேக்கரியும் மூடியது. கடிதங்கள் கொட்டகலைத் தபாற்கந்தோரில் தேங்கின. அக்காவின் விசாரணைக் கடிதம் அங்கே வந்து கிடந்து, வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போய்விட்டது. விசாரணைக்கு வரவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

நான் எதைச் சொல்லிப் பயமுறுத்தினேனோ, அது நடந்துவிட்டது. பெட்டிசத்தில் கைநாட்டு வைத்ததால் அல்ல. வைக்காததால்.

பரிகாரம் தேடினேன். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் கடிதம் எழுதுவது. அக்காவுக்காக ஒரு மேன்முறையீடு எழுதினேன். கடைவீதி ஏன் அழிந்தது, கடிதம் ஏன் சேரவில்லை என்று விளக்கி, அந்த மக்கள் ஆட்சேபனை சொல்லாமல் போனதற்கு நான் கூறிய பொய்யே காரணம் என்று ஒரு வாக்கியமும் எழுதினேன். பிறகு அந்த ஒரு வாக்கியத்தை அடித்தேன். பார்க்கப்போனால் அது விஷயத்துக்கு அவசியமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிரந்தர உத்தியோகம் வந்து மூன்று வருடம், கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அடித்த பிரதியைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து பூண்டுலோயாவுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கைநாட்டு வாங்கினேன். இந்த முறை மைத்தட்டைப் பார்த்து அவர் தயங்கினார். "இதால ஒண்ணும் வராதுல்ல தம்பி?" என்று கேட்டார். வராது என்றேன். தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.

பதில் வந்தது. காலதாமதத்துக்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை.

அதன் பிறகுதான், இரண்டு வாரம் தூக்கமில்லாமல் கிடந்து, அடித்த வாக்கியத்தை மீண்டும் சேர்த்து, என் சொந்தப் பெயரில், என் பதவியையும் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் அனுப்பினேன். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தேன், போகட்டும் என்றும் இருந்தது. ஒரே வரியில் பதில்: இவ்விடயம் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டுவிட்டது. என்னைத் திட்டக்கூட யாரும் மெனக்கெடவில்லை. என் அலுவலகத்துக்கும் எதுவும் வரவில்லை. எந்த அலுவலகத்தின் கடிதம் எங்கே போகும், போகாது என்று எனக்குத் தெரியும் என்றேன் அல்லவா? சரியாகத்தான் தெரிந்திருந்தது.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மறுபடி பூண்டுலோயாவுக்குப் போனேன். சம்பள நாளுக்கு அடுத்த நாள், தோட்டத்தில் வேலை இல்லை. அக்கா லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. வாங்கு இல்லை, ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார். உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வரிக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் அழாமல் இருந்தேன். என் கணக்கில் நல்லது என்று எழுத எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

முறத்தை மடியில் வைத்தபடி அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் முறத்தை இறக்கிக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னைக்கி நான் கைநாட்டு வச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது?"

"ஆகியிருக்காதுக்கா."

"கட இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது."

அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்திருந்தது. பிறகு முறத்தை எடுத்து மீண்டும் புடைக்கத் தொடங்கினார். கல் பொறுக்கி எறிந்தார். நான் நின்றேன். கடைசியில் தலையைத் தூக்காமலே, "மழ வரப்போகுது. பஸ்ஸப் புடிங்க சார்" என்றார்.

தம்பி இல்லை, கிளாக்கர் தொர இல்லை. சார். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. யாருக்கும் பெயர் கேட்பதற்கு முன்னால் தேத்தண்ணி கொடுத்த மனுஷி அவர். என் பெயர் அவருக்கு அன்று முழுதாகத் தெரிந்துவிட்டது.

அப்புறம் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்து எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அக்காவின் பெயர் இந்தியாவின் பங்கில் போயிற்று என்று அறிந்தேன். எந்த ஊரில் இறங்கினார், யார் சேர்த்துக்கொண்டார்கள், தெரியாது. சுப்பையா அண்ணனும் போய்விட்டார். அப்புஹாமி முதலாளியின் பிள்ளைகள் கம்பளைப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். நான் இந்நாட்டுப் பிரஜையாக, ஓய்வூதியம் வாங்குகிறவனாக, இங்கே இருக்கிறேன்.

சென்ற மாதம் பீலித் தண்ணீரை உடனே ஊற்றப் போன டிரைவரை நான்தான் தடுத்தேன். பத்து நிமிடம் ஆறட்டும் என்றேன். பயணிகள் இறங்கி நின்றார்கள். கடைகள் இருந்த வரிசையில் யாரோ கத்தரிக்காய் போட்டிருந்தார்கள். அக்காவின் கடை இருந்த இடத்தில் அடித்தளக் கல் நான்கு மட்டும் இருந்தது, தூண் எதுவும் இல்லை. மலைக் குளிர். ஒரு பெண் குழந்தையைச் சேலைக்குள் போர்த்திக்கொண்டு, சூடாக ஒரு வாய் ஏதாவது கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

நாற்பது பேர் இருந்தோம். பத்து நிமிடமும் சும்மா நின்றோம்.